பவுடர் போட்ட கை

அந்தத் தொழிற்சாலையில் அவருக்குக் கிளவுஸ் என்று பெயர். வயதில் இளையவர்கள் கிளவுஸ் அண்ணே என்பார்கள். உள்ளே நுழையும்போது மாட்டிய கையுறையை வெளியே போகும்வரை கழற்றாத மனிதர் என்பதால் வந்த பட்டம். தேநீர் இடைவேளையிலும் கையுறையோடுதான் டம்ளரைப் பிடிப்பார். "தூங்கும்போதாவது கழட்டுவீங்களா, இல்ல அண்ணி வேற ஜோடி எடுத்துக் குடுப்பாங்களா?" என்று கம்பி இழுக்கும் பிரிவில் இருப்பவர்கள் கேட்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார். கூடச் சிரித்துவிட்டால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை என்பதை அவர் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டிருந்தார்.

அவருக்கு உள்ளங்கை வியர்க்கும். எல்லோருக்கும் வியர்ப்பதுபோல அல்ல. குளிர்காலத்திலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும், காரணமே இல்லாமல் கையில் நீர் ஊறி விரல் நுனியில் திரண்டு நிற்கும். பள்ளியில் பரீட்சைத்தாள் கைக்குக் கீழே நனைந்து எழுத்தெல்லாம் கலங்கியபோது, "தண்ணியக் கொட்டிட்டியாடா?" என்று வாத்தியார் கேட்டார். ஆமாம் என்றார். தண்ணீர் கொட்டியவன் என்ற பெயர் அவருக்குத் தேவலை என்று பட்டது. அதன் பிறகு மடித்த கைக்குட்டை, முழுக்கைச் சட்டை, யாராவது கை நீட்டினால் பையைக் கை மாற்றிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவது என்று சின்னச் சின்ன ஏற்பாடுகளாலேயே வாழ்க்கை நடந்தது. டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு உடம்பு வாகு என்று சொல்லி அனுப்பிவிட்டார். நோய் என்றால் யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம். வாகு என்றால் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

இப்படிப்பட்டவர், கை ஈரம் துளியும் படக்கூடாத வேலைக்கு எப்படி வந்தார் என்று கேட்கத் தோன்றும். அங்கே கையுறை கட்டாயம் என்பதால்தான் வந்தார். எல்லோரும் கையை மூடிக்கொண்டிருக்கும் இடங்கள் உலகத்தில் அதிகமில்லை.

அங்கே செய்வது ஒரு தனிவகைக் கம்பி. கண் இமைக்கும் நேரத்துக்குள் உயிர்பெற்று அடங்கிவிடும் காந்தங்கள் ஆராய்ச்சிக்கூடங்களில் உண்டு. அந்த நேரத்துக்குள் சுருளில் பாய்கிற மின்சாரம் ஓர் ஊருக்கே போதும். அப்படிப் பாயும்போது காந்தத்தின் விசை தன்னுடைய சுருளையே வெளிப்பக்கமாகத் தள்ளிப் பிய்க்கப் பார்க்கும். வெறும் செம்புக் கம்பி மின்சாரத்துக்குத் தாராளமாக வழிவிடும், அந்த விசையைத் தாங்காது. எஃகு தாங்கும், ஆனால் மின்சாரத்தை மறித்துச் சூடேறிவிடும். இரண்டு குணமும் ஒரே கம்பியில் வேண்டும். அதற்காகச் செம்புக்குள் நியோபியம் என்னும் சாம்பல் நிற உலோகத்தை இழை இழையாக ஓடவிடுகிறார்கள்.

செம்பு போர்த்திய நியோபியம் தண்டை இழுத்து மெல்லிய ஆறுபட்டைக் குச்சியாக்குவார்கள். அதைத் துண்டு போட்டு, ஆசிட்டில் முக்கி, கழுவி, காயவைத்து, நூற்றுக்கணக்கான குச்சிகளைத் தேன்கூடு போல ஒரு செம்புக் குழாய்க்குள் அடுக்குவார்கள். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு மூடியை வெல்டிங் செய்து அடைத்து, சூடாக்கி, பெரிய பிரஸ்ஸில் கொடுத்துப் பிதுக்குவார்கள். பிதுங்கி வந்ததை மறுபடி இழுத்து, மறுபடி துண்டு போட்டு, மறுபடி அடுக்குவார்கள். முடிவில் வரும் கம்பிக்குள் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள் கணக்கில்லாமல் இருக்கும்.

அடுக்குவது கிளவுஸின் வேலை. குச்சியும் குச்சியும் பிரஸ்ஸில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உலோகமாக வேண்டும். நடுவில் எண்ணெயோ தூசியோ விரல் ரேகையோ இருந்தால் அந்த இடம் ஒட்டாது. ஒட்டாத இடம் அப்போது வெளியே தெரியாது. கம்பி மெலிய மெலிய, என்றைக்கோ ஒருநாள் பிளந்துகொள்ளும்.

குச்சிகளைக் கழுவித் தருகிறவர் அவரைவிட மூத்த பெண்மணி. எல்லோருக்கும் ஆசிட் அக்கா. புதிதாக வருகிறவர்களிடம், "ஆசிட் தொட்டியிலதான் இருக்கு, என் வாயில இல்ல, பயப்படாம வா" என்பார். ரெண்டு இடத்திலேயும் இருக்கு என்று மற்றவர்கள் திருத்துவார்கள். அவருடைய தொட்டிக்கும் கிளவுஸின் மேஜைக்கும் நடுவே கண்ணாடிச் சுவர். அதில் தட்டு நகரும் அளவுக்கு ஒரு சின்ன ஜன்னல். காய்ந்த குச்சிகளை அந்த ஜன்னல் வழியாகத் தள்ளும்போது, "இந்தா தம்பி, குளிப்பாட்டி அனுப்பியிருக்கேன். அழுக்காக்காம பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு" என்பார். பல வருடங்களாக இதே பேச்சு. இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை.

கிளவுஸ் உள்ளே பருத்திக் கையுறை, வெளியே ரப்பர் கையுறை என்று இரண்டு போட்டிருப்பார். அடிக்கடி போய் மாற்றிக்கொண்டு வருவார். ஈரம் ரப்பரைத் தாண்டிவிடுமோ என்ற பயம்தான் காரணம். பார்க்கிறவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. "சுத்தம்னா என்னன்னு கிளவுஸைப் பாத்துக் கத்துக்குங்க" என்று இன்ஜினியர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அவர் வேலை மோசமில்லை. இலேசாக வளைந்த குச்சியைக் கையுறைக்குள்ளிருந்தே விரலால் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார். ஆனால் அவருக்குக் கிடைத்த பாராட்டு அதற்காக அல்ல. அது அவருக்கும் தெரியும்.

ஒரு கோடையில் அந்த அறையின் குளிர்சாதனம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. அந்தச் சமயத்தில் கம்பி வாங்கும் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து சிலர் பார்வையிட வந்தார்கள். அவர்களில் ஒருவர் கிளவுஸை நோக்கிக் கை நீட்டினார். கிளவுஸ் அசையவில்லை. "அவரு கையுறையக் கழட்ட மாட்டாரு" என்றார் இன்ஜினியர் பெருமையோடு. வந்தவர் மெச்சுவதுபோல் தலையசைத்துக் கையை இழுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் கிளவுஸின் ரப்பர் விரல்களுக்குள் நீர் கட்டிப் பொம்மிக்கொண்டிருந்தது. கையைத் தாழ்த்தினால் மணிக்கட்டு வழியாகச் சொட்டிவிடும் என்று பயந்து, அவர்கள் போகும்வரை இரண்டு கையையும் மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். தண்ணீர் சட்டைக்குள் முழங்கை வரை இறங்கியது.

வீட்டில் மனைவியிடம் மட்டும்தான் இதைச் சொல்ல முடியும். துணிக்கடையில் நாள் முழுவதும் நின்று வேலை பார்க்கிறவர். கல்யாணமான புதிதில் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீங்க தொட்டா காஞ்ச செடிகூடத் தழைக்கும் போல" என்றவர். அன்றைக்கு அவர்தான் வழி சொன்னார்.

"பவுடர் போட்டுட்டுக் கிளவுஸ் மாட்டுங்க. எங்க கடைப் பொண்ணுங்க ஷூ போடறப்ப காலுக்கு அதத்தான் போட்டுக்கறாங்க. சொதசொதன்னு இருக்காது."

சொன்னபடியே நடந்தது. கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளங்கையில் பவுடரைத் தட்டி, நேராக ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டார். பருத்தியில் பவுடர் நனைந்து களியாகிவிடுவதால் அதை விட்டுவிட்டார். நினைவு தெரிந்த நாளிலிருந்து முதல்முறையாகக் கை காய்ந்து கிடந்தது. அந்தக் கோடையில் அவர் கொஞ்சம் உரக்கப் பேசினார் என்று பிறகு சிலர் நினைவுபடுத்திச் சொன்னார்கள்.

செம்புக் குழாய் மேஜைமேல் நிமிர்ந்து நிற்கும். குச்சியை மேலிருந்து இறக்கவேண்டும். கை குழாய்க்கு மேலே இருக்கும், கையுறையின் வாய் திறந்து கவிழ்ந்திருக்கும். ஒவ்வொரு குச்சிக்கும் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வெண்மை உதிர்ந்துகொண்டிருந்தது. பவுடரும் ஒரு தூசிதானே என்று இத்தனை வருடம் அந்த வேலை பார்த்தவருக்குத் தோன்றவில்லையா? தோன்றவில்லை. அவருடைய கணக்கில் அசுத்தம் என்றால் ஒன்றே ஒன்றுதான். அதை அவர் ஜெயித்துவிட்டிருந்தார்.

சில வாரங்களில் இழுப்புப் பிரிவிலிருந்து புகார் வந்தது. "நார் உரியற மாதிரி உரியுது சார். தடியா இருக்கறப்ப ஒண்ணும் தெரியல. மெல்லிசாப் போகப் போக ரெண்டாப் பிரியுது" என்றார்கள். குச்சி அடுக்கிய குழாயைப் பிதுக்கி எடுத்த ஒரு கட்டை முழுவதும் குப்பைக்குப் போனது. அடுத்ததும் அப்படியே. ஆராய்ச்சிக்கூடத்தில் சுருள் சுற்றக் காத்திருந்தார்கள். இன்ஜினியர் பிளந்த இடத்தை வெட்டி மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பிறகு அதில் என்ன இருக்கிறது என்று சோதிக்க அனுப்பினார். மெக்னீசியம், சிலிக்கன் என்று பதில் வந்தது.

"இது டால்க். மூஞ்சிக்குப் போடற பவுடர்" என்றார் இன்ஜினியர்.

ஃபோர்மேன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்ப நம்ம பொம்பளைங்கதான் சார்."

மறுநாள் காலையில் அறை வாசலில் மூன்று பெண்களை நிறுத்தினார்கள். அக்கா, உலர்த்தும் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு இளம்பெண்கள். குச்சி துடைக்கும் வெள்ளைத் துணியில் ஆளுக்கு ஒன்று கொடுத்து முகத்தைத் துடைக்கச் சொன்னார் ஃபோர்மேன். பார்ப்பதற்கு ஆண்கள் கூடிவிட்டார்கள். இரண்டு பெண்களின் துணியிலும் ஒன்றும் ஒட்டவில்லை. ஒருத்தி அழுதுவிட்டாள்.

"என் மூஞ்சியிலயா பவுடரத் தேடறீங்க?" என்றார் அக்கா. "என் கல்யாணத்துக்கே எங்கம்மா போட்டு விடல. இருக்கறது போதும்னுட்டாங்க."

சிரிப்பு எழுந்தது. அக்கா அழுத்தித் துடைத்துக் காட்டினார். துணி சுத்தமாக இருந்தது.

"கழுத்து?" என்றார் ஃபோர்மேன்.

அக்கா மேலங்கியின் மேல் பொத்தானைக் கழற்றித் துடைத்தார். துணியில் வெண்மை படிந்தது.

"வேர்க்குரு" என்றார். அந்தக் குரலை அங்கே யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. ஃபோர்மேன் துணியை வாங்கி எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

கிளவுஸ் கண்ணாடிக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டால்க் என்ற சொல்லைக் கேட்ட நேரத்திலிருந்தே அவருக்குத் தெரியும். இருந்தும், அந்தத் துணியைப் பார்த்ததும் முதலில் வந்தது நிம்மதிதான். ஒருவேளை அக்காவுடையதாகவே இருக்கலாம் என்று கொஞ்ச நேரம் நம்பியும் பார்த்தார். அந்த நம்பிக்கை நிற்கவில்லை. ஆசிட்டில் குளித்து, சுத்த நீரில் அலசி, அடுப்பில் காய்ந்து வருகிற குச்சிக்கு அக்காவின் கழுத்திலிருந்து எது வந்து ஒட்டும்? இன்ஜினியருக்கும் இது தோன்றியிருக்கும். ஆனால் ஒரு காரணம் கையில் கிடைத்த பிறகு இன்னொன்றைத் தேடிப் போவது யாருக்கும் பிடிப்பதில்லை.

அக்காவைத் தொட்டியிலிருந்து எடுத்து வெளி முற்றத்துக்கு அனுப்பினார்கள். கம்பி சுற்றிய உருளைகளுக்குப் பலகை அடித்து மூடும் வேலை. தொட்டி, அழுத பெண்ணிடம் போனது.

கிளவுஸ் அன்றைக்கே பவுடர் டப்பாவை வெளியே எறிந்தார். பழையபடி பருத்திக் கையுறை, பழையபடி ஈரம், பழையபடி அடிக்கடி மாற்றுவது. அடுத்த கட்டை பிளக்காமல், கம்பியை இழுத்து மெலிதாக்கும் கடைசி டை வரை போய்ச் சேர்ந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. அக்கா போனதும் கம்பி சரியாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அதை மறுக்க யாரிடமும் ஒன்றுமில்லை.

அக்காவே அதை நம்பிவிட்டார். ஒரு மதிய வேளையில் கண்ணாடிச் சுவரின் ஜன்னலருகே வந்து நின்றார். உள்ளே வர அவருக்கு இப்போது அனுமதி இல்லை.

"தம்பி, ஒரு நிமிஷம்."

"சொல்லுங்கக்கா."

"மனசே சரியில்ல. இத்தன வருஷம் கண்ணாடி மாதிரி கழுவிக் குடுத்துட்டு, கடைசியில ஒரு வேர்க்குருப் பவுடரால நீ அடுக்கினதெல்லாம் குப்பையாப் போச்சு. உன் வேலைக்கும் கெட்ட பேரு வந்திருக்கும். மத்தவங்கள விடு, உன்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு இருந்துச்சு. மனசுல வச்சுக்காத, என்ன?"

"பரவாயில்லக்கா" என்றார் கிளவுஸ்.

அக்காவின் முகம் தெளிந்தது. "உனக்கு நல்ல மனசு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பவுடர் போட்டது அறியாமை. துணியைத் தூக்கிக் காட்டியபோது வாய் திறக்காதது கோழைத்தனம். இரண்டுக்கும் மனிதர்கள் சமாதானம் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு என்ன சமாதானம்? தன்னுடைய தவறை அவர் இன்னொருவருக்கு மன்னித்துவிட்டார். மன்னிப்பதற்கு நாக்கு தயங்கக்கூட இல்லை. அதன் பிறகு குச்சிகளை அடுக்கும்போது அவர் கைக்குள் ஊறிய நீர் சின்ன விஷயமாகிவிட்டது. இத்தனை வருடம் வெட்கப்பட்டதெல்லாம் எதற்கு என்றுகூடத் தோன்றியது. வெட்கப்பட வேண்டியது அதுவரை நடக்கவே இல்லை.

சாயங்காலம் தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது. மனைவி கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னார்.

"பரவாயில்லன்னா சொன்னீங்க?"

"வாயில வந்துடுச்சு."

"வர்றதுக்கு வேற வார்த்தையே இல்லையா?"

மனைவி தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நாளைக்குப் போய்ச் சொல்லுங்க. பவுடர் போடச் சொன்னது நானுன்னும் சேத்துச் சொல்லுங்க."

"உன்ன எதுக்கு இதுல இழுக்கணும்? கையப் பத்திச் சொல்லணுமேன்னுதான்..."

"தெரிஞ்சா தெரியட்டும். எனக்குத் தெரிஞ்சு இத்தன வருஷமாச்சு, நான் என்ன ஓடியா போயிட்டேன்?"

மறுநாள் இன்ஜினியர் அறையில் கையுறையைக் கழற்றி மேஜைமேல் கைகளை வைத்தார். விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. மேஜைக் கண்ணாடியில் இரண்டு ஈரக் கைகளின் அச்சு விழுந்தது. சொல்லவேண்டியதைச் சொன்னார். இன்ஜினியர் அந்த அச்சையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீங்களா?" என்றார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். "இப்பப் பவுடர் போடறதில்லையே?"

"இல்ல சார்."

"அப்ப விட்டுடுங்க. காரணம் கண்டுபிடிச்சாச்சு, சரி பண்ணியாச்சுன்னு கம்பி வாங்கறவங்களுக்கு எழுதியாச்சு. மறுபடி போய், அது இல்ல, எங்க ஆளுங்கள்லயே ரொம்ப சுத்தமானவருன்னு நாங்க காட்டினோமே, அவருன்னு எழுதச் சொல்றீங்களா? அந்தம்மா கழுத்துல இருந்ததும் பவுடர்தானே? பொய் ஒண்ணும் இல்ல."

"அக்காவுக்கு..."

"அவங்களுக்கு அங்க காத்தோட்டமா இருக்கு. ஆசிட் நெடியில்ல. ஒரு விதத்துல நல்லதுதான்."

"சரி சார்" என்றார் கிளவுஸ். கையுறையை மாட்டிக்கொண்டு திரும்பிவந்து அடுக்கத் தொடங்கினார். சொல்லிவிட்டோம், சொல்லவேண்டிய இடத்தில் சொல்லியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ள முயன்றார். அது அவருக்கு வசதியாக இருந்தது. அந்த வசதியிலேயே அவர் மிச்ச வருடங்களை ஓட்டியிருக்கலாம்.

கையுறை மாற்றப் போகும் வழியில் முற்றம் தெரியும். அக்கா வெயிலில் குந்தி உட்கார்ந்து பலகையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அத்தனை புழுக்கத்திலும் மேலங்கியின் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது. ஆணியை வாயில் கவ்விக்கொண்டு, அளவு போடும் பென்சிலைக் காலருக்குள் விட்டுச் சொறிந்தார். பென்சில் வெளியே வந்தபோது காலரின் ஓரம் விலகி, உள்ளே சிவந்து கொப்புளித்திருந்தது தெரிந்தது. அவர் பவுடர் போடுவதை விட்டுவிட்டிருந்தார்.

கிளவுஸ் முற்றத்துக்கு இறங்கிப் போனார். கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினார்.

"என்ன தம்பி, கைய எங்கயாவது முக்கிட்டு வந்தியா?"

"வேர்வைக்கா. எப்பவும் இப்படித்தான். இதுக்குத்தான் பவுடர் போட்டேன். கிளவுஸுக்குள்ள. கம்பியில இருந்தது அதுதான்."

அக்கா வாயிலிருந்த ஆணியை எடுத்தார். "அப்ப என்னுது இல்லையா?"

"இல்லக்கா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. துணியில துடைக்கச் சொன்னாங்கல்ல, அதுக்கு முன்னாலயே."

"அப்புறமாத்தானே நான் வந்து ஜன்னல்கிட்ட நின்னேன்?"

அவர் தலையாட்டினார்.

அக்கா சுத்தியலைக் கீழே வைத்தார். கோபம் வர நேரம் எடுத்தது. "கை வேர்க்கறது ஒரு குத்தமாடா? என்கிட்டச் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன், அப்புறம் நானே ஒரு வழி பண்ணிக் குடுத்திருப்பேன். அத விடு. வெளிய தள்ளினாங்க, அதக்கூட விடு. நான் வந்து மன்னிப்புக் கேக்கறேன், நீ உள்ள நின்னுட்டுப் பரவாயில்லங்கற. எப்படிடா முடிஞ்சுது உனக்கு?"

அக்கா எழுந்து முழங்காலில் ஒட்டிய மரத்தூளைத் தட்டினார். "வா" என்று முன்னால் நடந்தார்.

தேநீர் நேரம். அறை வாசலில் எல்லோரும் இருந்தார்கள். அக்கா அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக் கிளவுஸிடம் கொடுத்தார். "துடை."

துடைத்தார். துணி நனைந்து தொங்கியது. "இதையும் தூக்கிக் காட்டுங்க" என்று அக்கா ஃபோர்மேனிடம் சொன்னார். "என்னுத அன்னிக்குத் தூக்கிக் காட்டினீங்கல்ல?" ஃபோர்மேன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அதனால் கிளவுஸே தூக்கிப் பிடித்தார்.

"பவுடர் என்னுது. எனக்குக் கை வேர்க்கும். தெரியக்கூடாதுன்னு போட்டேன். அக்கா மேல ஒண்ணுமில்ல."

மனைவி சேர்த்துச் சொல்லச் சொன்னதை மட்டும் அவர் சொல்லவில்லை. இழுப்புப் பிரிவிலிருந்து ஒருவர், "அடப்பாவி, அதான் கிளவுஸா? நாங்க என்னமோ பெரிய சுத்தம்னு நெனச்சோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை அவருக்குக் கூடச் சிரிக்க வரவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை.

அக்கா மறுபடி தொட்டிக்கு வந்தார். இன்ஜினியர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வேறு எதையும் எழுதவில்லை. கிளவுஸை இழுப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே சோப்புத் தண்ணீரும் எண்ணெயுமாக எல்லோர் கையும் எப்போதும் நனைந்தே இருக்கும். அவர் கையை யாரும் கவனிப்பதில்லை. இதை முன்பே கேட்டு வாங்கிக்கொண்டிருக்கலாம். ஏன் கேட்கவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியிருக்குமே என்று கேட்கவில்லை.

ஆனால் அன்றைக்குத் தொடங்கிப் பெண்களுக்குத் தினசரியாகிவிட்டிருந்த, வாசலில் துடைக்கும் வழக்கம் நின்றுபோகவில்லை. கை, முகம், கழுத்து மூன்றும் துடைத்த பிறகே உள்ளே போகலாம் என்று விதியாகிவிட்டது. பெண்களுக்கு மட்டும் இருந்தது இப்போது எல்லோருக்கும். கழுத்தையாவது விட்டுவிடக் கூடாதா என்று கிளவுஸ் ஃபோர்மேனிடம் போய்க் கேட்டார். "உன்னாலதானேய்யா இதெல்லாம்?" என்றார் அவர். அது உண்மை என்பதால் கிளவுஸ் திரும்பி வந்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவரும் அந்த வரிசையில் போய் நின்றார். அந்த அறைக்குள் அவருக்கு வேலை இல்லை. அக்கா துடைத்து முடித்த பிறகு அவரும் ஒரு துணி எடுத்துக் கையையும் கழுத்தையும் துடைத்து, கூடையில் போட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போவார். அக்கா திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் இனி பார்க்கவே மாட்டார் என்று எடுத்துக்கொண்டால்கூட, நிற்பது நியாயம் என்று கிளவுஸுக்குப் பட்டது.

ஒருநாள் அக்கா திரும்பினார்.

"நீங்க எதுக்கு இங்க நிக்கறீங்க?"

"சும்மாதான்க்கா. நானும் உங்ககூட..."

"நீங்க நின்னா எல்லாரும் உங்களப் பாக்கறாங்க. உங்களப் பாத்துட்டு உடனே என்னப் பாக்கறாங்க. தினம் காலையில அந்தத் துணி அவங்களுக்கு ஞாபகம் வருது. உங்க மனசு ஆறறதுக்கு என் கழுத்துதானா கெடச்சுது?"

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டு எப்போதும்போல் கழுத்தைத் துடைத்து, துணியைக் கூடையில் போட்டு உள்ளே போனார்.

மறுநாளிலிருந்து கிளவுஸ் அந்த வாசலைத் தவிர்த்து முற்றத்துப் பக்கமாகச் சுற்றி வருகிறார். கம்பியின் கூராக்கிய முனையை டையின் துளைக்குள் நுழைத்து மறுபக்கம் பிடிக்குள் மாட்டுவது இப்போது அவர் வேலை. வெறும் கையால்தான் செய்கிறார். முனையில் அவர் விரலின் ஈரம் ஒட்டும், சோப்புத் தண்ணீரில் கலந்துவிடும். அக்கா உள்ளே போக அந்த அறைக் கதவு திறக்கும் நேரத்தில் மட்டும் அவர் தலையை நிமிர்த்துவதில்லை.